பூச்சி மாத்திரையும் புசியா மாவட்டமும்

“மென்னு தின்னுடா. அப்படியே முழுங்காதே.”

வருஷத்தில் இரண்டு நாள், நாளுக்கு நூறு தடவைக்கு மேல் இதைச் சொல்கிறேன். பிப்ரவரியில் ஒரு நாள், ஆகஸ்டில் ஒரு நாள். சுற்றறிக்கையில் அதற்குத் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று பெயர். பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை நாள். நர்ஸம்மா முந்தின நாளே அல்பெண்டசோல் டப்பாவைக் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார். சத்துணவு முடிந்து பிள்ளைகள் தட்டைக் கழுவி வைத்ததும் வரிசை. ஒரு மாத்திரை, இரண்டு மிடறு தண்ணீர், “ஆ காட்டு”, பதிவேட்டில் ஒரு டிக். காய்ச்சலாக இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. வராத பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள். எண்ணிக்கையைப் படிவத்தில் நிரப்பி அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது.

பந்தலூர் பக்கம், தேயிலைக்கு நடுவில் இருக்கிற ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் 21 வருஷமாக டீச்சராக இருக்கிறேன். இந்த மாத்திரை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ‘ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து’ என்றுதான் போன வருஷம் வரை சொல்லியிருப்பேன்.

போன வருஷம் பிப்ரவரியில் அண்ணன் மகள் வந்திருந்தாள். பெங்களூரில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். விடுபட்ட பிள்ளைகளுக்கென்று மிச்சமிருந்த மாத்திரையை எண்ணிக்கொண்டு நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தவள், “அத்தை, இதுக்கு நோபல் பரிசு கிடைச்சிருக்கு, தெரியுமா?” என்றாள்.

“மாத்திரைக்கா, எனக்கா?”

“ரெண்டு பேருக்கும் இல்ல. இதைப் பள்ளிக்கூடத்துல கொடுத்தா என்ன ஆகும்னு எண்ணிப் பார்த்தாரே, அவருக்கு.”

அவள் சொன்னதில் கொஞ்சம் மிகை உண்டு. 2019-இல் பொருளாதார நோபலை மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள்: அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர். வறுமை ஒழிப்புத் திட்டங்களை மருந்தைச் சோதிப்பது மாதிரிக் களத்தில் சோதித்துப் பார்க்கும் முறைக்காகக் கொடுத்தது அது. ஆனால் கிரெமர் செய்த சோதனைகளில் உலகத்துக்கு அதிகம் தெரிந்தது இந்தப் பூச்சி மாத்திரைதான். எட்வர்ட் மிகுவேல் என்ற பொருளாதார நிபுணரும் அவரும் சேர்ந்து எழுதி 2004 ஜனவரியில் ‘எகனாமெட்ரிகா’ இதழில் வந்த கட்டுரையை அவள் அச்செடுத்து அனுப்பினாள். 59 பக்கம். பாதிக்கு மேல் அட்டவணை. மே மாத விடுமுறை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். புரியாத இடத்துக்கெல்லாம் இரவு போன் போடுவேன். ஒரு கட்டத்தில் அவள் என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

கிரெமர் கல்லூரி முடித்த கையோடு கென்யாவில் ஒரு வருஷம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அது தெரிந்ததும் எனக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. பிறகு ஆராய்ச்சியாளராகத் திரும்பிப் போய், அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு டச்சு உதவி நிறுவனத்தோடு சேர்ந்து, பள்ளிகளுக்கு எதைக் கொடுத்தால் பிள்ளைகள் படிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். முதலில் பாடப் புத்தகம். கொடுத்துப் பார்த்தால் சராசரி மதிப்பெண் ஏறவே இல்லை. ஏற்கனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் உதவியது. காரணம், புத்தகம் ஆங்கிலத்தில். அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. இதைப் படித்ததும் என் வகுப்பில் வீட்டில் தமிழ் பேசாத பழங்குடிப் பிள்ளைகள் முகம் ஒவ்வொன்றாக வந்துபோனது. சுவரில் மாட்டும் படத்தாள்களைக் கொடுத்தார்கள், அதுவும் எடுபடவில்லை. அதற்குப் பிறகுதான் பூச்சி மாத்திரை.

புசியா என்பது மேற்குக் கென்யாவில், உகாண்டா எல்லையை ஒட்டி, விக்டோரியா ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற மாவட்டம். 75 தொடக்கப் பள்ளிகள், 30,000-க்கு மேல் பிள்ளைகள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே வருஷத்தில் கொடுக்க நிறுவனத்திடம் ஆளும் பணமும் கிடையாது. பள்ளிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். 1998-இல் 25 பள்ளி, 1999-இல் இன்னும் 25, கடைசி 25-க்கு 2001-இல். எந்தப் பள்ளி எந்தக் கூட்டம் என்பதற்கு குலுக்கல்கூடப் போடவில்லை. பகுதிவாரியாகப் பெயர்களை அகரவரிசையில் எழுதி, மூன்றுக்கு ஒன்றாக எடுத்தார்கள். தாமதமாகக் கிடைக்கப்போகிற பள்ளிகள் அதுவரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான பள்ளிகள். வரிசையில் பின்னால் நிற்கிறவனை வைத்து முன்னால் நிற்கிறவனுக்கு என்ன நடந்தது என்று பார்க்கிற கணக்கு.

ஆரம்பத்தில் பரிசோதித்த பிள்ளைகளில் 92 சதவீதத்துக்கு ஏதோ ஒரு புழு இருந்தது. 37 சதவீதத்துக்கு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தது. கொக்கிப்புழு, உருண்டைப்புழு, சாட்டைப்புழு எல்லாவற்றுக்கும் அல்பெண்டசோல், வருஷம் இரண்டு தடவை. ஏரித் தண்ணீரால் வருகிற நத்தைக் காய்ச்சல் பரவிய பள்ளிகளில் அதற்குத் தனி மாத்திரை.

இனி எனக்குப் பிடித்த இடம். வருகையை எப்படி அளந்தார்கள் என்று ஒரு பத்தி வருகிறது. பள்ளியின் வருகைப் பதிவேட்டை அவர்கள் நம்பவில்லை! நிறுவனத்தின் ஆட்கள் வருஷத்தில் நாலைந்து தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெயர் பெயராகப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். பதிவேட்டில் இருப்பதும் பெஞ்சில் இருப்பதும் ஒன்றல்ல என்று கென்யாவில் தெரிந்திருக்கிறது. எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. மழை கொட்டுகிற ஜூலையில், யானை இறங்கிய அன்றைக்கு, பாதிப் பிள்ளை வராத வகுப்பில், ‘நாளைக்கு வந்துடும்’ என்று நானே போட்ட டிக் எத்தனை.

அப்படி எண்ணியதில் என்ன கிடைத்தது? மாத்திரை கொடுத்த பள்ளிகளில் வராமல் போவது நாலில் ஒரு பங்கு குறைந்தது. மதிப்பெண் ஏறவில்லை. இதை அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் புழு குறைந்திருந்தது. ஒரு பிள்ளையின் வயிறு சுத்தமானால், அது ஒதுங்குகிற புதர் ஓரமும் சுத்தமாகிறது. அங்கே வெறுங்காலோடு நடக்கிற அடுத்த பிள்ளையும் தப்பிக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தப் பலன் போயிருந்தது. அதற்கு முன்னால் நடந்த ஆய்வுகள் பலவற்றில் ஒரே பள்ளியில் பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு இல்லை என்று வைத்து வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறார்கள். சாப்பிடாத பாதியும் சேர்ந்து தேறிவிடுவதால் வித்தியாசம் சிறிதாகத் தெரிந்திருக்கிறது. ‘பெரிய பயன் இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். எனவே பிள்ளையைப் பிரிக்காமல் பள்ளியைப் பிரிக்க வேண்டும் என்றது இந்தக் கட்டுரை. ஒரு பிள்ளை கூடுதலாக ஒரு வருஷம் பள்ளிக்கு வர ஆகும் செலவு 3.50 டாலர் என்று முடித்தார்கள். அந்த எண்தான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு உலகம் சுற்றியது.

படித்துக்கொண்டே போனால் ஓரங்களில் பொடிப் பொடியாக நிறைய இருக்கிறது. அங்கே சுகாதாரப் பாடமும் சேர்த்துத்தான் நடத்தினார்கள்: கை கழுவு, செருப்புப் போடு, ஏரியில் இறங்காதே. பிள்ளைகள் கையும் காலும் அதனால் மாறியதாக எந்தத் தடயமும் இல்லை. நான் வருஷா வருஷம் கரும்பலகையில் கொக்கிப்புழுவுக்குப் பல் வரைந்து எடுக்கிற பாடத்தை நினைத்துக்கொண்டேன். இன்னொன்று: இரண்டாம் வருஷத்திலிருந்து பெற்றோர் நேரில் வந்து தலைமை ஆசிரியரிடம் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆக்கினார்கள். சிலர் வரவில்லை. மருந்துக்குப் பயந்து அல்ல. பள்ளிக் கட்டணம் பாக்கி இருந்தது, தலைமை ஆசிரியர் முகத்தில் விழிக்க மனசில்லை. இதை எழுதியவர் பொருளாதார நிபுணரோ யாரோ, ஒரு நாளாவது பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

பாட்டியிடம் இதைப் படித்துக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பாட்டி பிறந்தது இலங்கையில், மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் போட்ட சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி 1974-இல் கப்பலேறி வந்து, நீலகிரியில் மறுபடி அதே தேயிலைக்கூடையை மாட்டிக்கொண்டவள். சின்ன வயசில் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற இடத்தில், ஆளையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, கங்காணி பேர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவர் வாயிலும் மருந்து ஊற்றியதைச் சொல்வாள். நாற்றம் பிடித்த எண்ணெய் மாதிரி இருக்குமாம். பேதியாகிச் சுருண்டு கிடப்பார்களாம். பெரியவர்களுக்கு அன்றைக்கு ஒரே கவலை, “மருந்து குடிச்ச நாளுக்கு முழுப்பேரா அரைப்பேரா?” தோட்டத்தில் பேர் விழுந்தால்தானே கூலி.

அந்த வரிசைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க 1909-இல் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்பெல்லரின் பணத்தில் ஒரு ஆணையம் அமைந்தது. அந்த வேலை பிறகு கடல் கடந்து, 1916-இல் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தது. தோட்டத்தில் இருந்தது நம் ஆட்கள்தான். இரத்தம் குடிக்கிற புழு உள்ளே இருந்தால் கொழுந்து எடுக்கிற கை தளரும். துரைமார்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். அமெரிக்கத் தென் மாநிலங்களில் அன்று பள்ளி வயதுப் பிள்ளைகளில் சுமார் 40 சதவீதத்துக்குக் கொக்கிப்புழு இருந்தது, புழு போன பிறகு பிள்ளைகள் பள்ளிக்கு அதிகம் வந்தார்கள் என்று ஹோய்ட் பிளீக்லி என்ற பொருளாதார நிபுணர் 2007-இல் பழைய புள்ளிவிவரங்களைத் தோண்டி எழுதினார். ஆக, என் மேசைக்கு வந்த டப்பாவும் பாட்டியின் வாயில் ஊற்றிய எண்ணெயும் தூரத்து உறவு. பாட்டியிடம் யாரும் சம்மதக் கையெழுத்து வாங்கவில்லை. எங்கள் பள்ளியிலும் கையெழுத்தெல்லாம் வாங்குவதில்லை. தகவல் மட்டும் சொல்லி அனுப்புவோம்.

சரி, புசியாவுக்கு வருகிறேன். 2001-இல் அங்கே இன்னொரு சோதனை நடந்தது. தானமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது, மக்களும் ஒரு பங்கு போட்டால்தான் திட்டம் தன் காலில் நிற்கும் என்பது உதவி நிறுவனங்களின் அந்தக் காலத்து வேதம். அதைச் சோதிக்க, ஏற்கனவே இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த பள்ளிகளில் 25-ஐத் தேர்ந்தெடுத்து, குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு சின்னக் கட்டணம் வைத்தார்கள். பிள்ளைக்குச் சராசரியாக 0.30 டாலர், உண்மையான செலவில் ஐந்தில் ஒரு பங்குதான். இலவசமாகக் கொடுத்த பள்ளிகளில் 75 சதவீதம் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். காசு கேட்ட பள்ளிகளில் 18 சதவீதம். வேடிக்கை என்னவென்றால் கட்டணம் கொஞ்சம் கூடவா குறையவா என்பது பெரிதாகப் பொருட்படவில்லை. காசு என்ற சொல் வந்ததுமே ஆள் ஒதுங்கிவிட்டார்கள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் வருகிறது. ஏற்கனவே மாத்திரை கொடுக்கப்பட்ட பள்ளிகளில் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் அதிகம் இருந்த குடும்பங்கள்தான் மாத்திரையைக் குறைவாக எடுத்தன. நல்ல விஷயம் வாய்வழியாகப் பரவும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது அடி. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஒரு வருஷம் எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மாத்திரை தின்ற அரைமணி நேரத்தில் வாந்தி எடுத்தான். வயிற்றில் பூச்சி அதிகம் இருந்தால் அப்படி ஆவது உண்டு. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்ததும் சரியாகிவிட்டான். ஆனால் மலைக்காட்டில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அது போய்ச் சேரும்போது ‘பத்துப் பிள்ளை மயக்கம்’ ஆகியிருந்தது. கூடையோடு ஓடி வந்தார்கள். “டீச்சர், எங்க புள்ளைக்கு மட்டும் இனி கொடுக்காதீங்க” என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. புழு குறைந்தது வெளியே தெரிவதில்லை. வாந்தி தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சாப்பிட்டாலே என் பிள்ளைக்கும் பாதி நன்மை வரும் என்றால், வாந்தியை ஏன் நான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாய் நினைப்பதில் கணக்குப் பிழை எதுவும் இல்லையே.

இலவசத்தைப் பற்றி டிவியில் நாக்கைச் சுழற்றுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 75-ஐயும் 18-ஐயும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. மிக்ஸி வேறு, பூச்சி மாத்திரை வேறு என்று யாராவது வாதம் செய்யலாம். செய்யட்டும். ‘காசு கொடுத்தால்தான் மதிப்பார்கள்’ என்பதை ஒருவர் ஊர்ஊராகப் போய் எண்ணிப் பார்த்தார், அது அங்கே பொய்யாகப் போனது. அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

கட்டுரை வந்தது, அரசாங்கங்கள் படித்தன, மாத்திரை வந்தது என்று கதை இருந்தால் சொல்ல எளிதாக இருக்கும். அப்படி இல்லை. பள்ளிப் பிள்ளைகளில் 75 சதவீதத்துக்காவது புழு மருந்து போய்ச் சேர வேண்டும் என்று உலக சுகாதார மன்றம் 2001-இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. கட்டுரை அச்சாவதற்கு மூன்று வருஷம் முன்னால். மருத்துவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததுதான் அது. கட்டுரை செய்த வேலை வேறு. புழுவை சுகாதாரத் துறையின் அலமாரியிலிருந்து எடுத்துக் கல்வித் துறையின் மேசையில் வைத்தது. ‘எத்தனை புழு முட்டை குறைந்தது’ என்று கேட்ட இடத்தில் ‘எத்தனை நாள் பள்ளிக்கு வந்தான், எவ்வளவு செலவில்’ என்று கேட்க வைத்தது. நிதி மந்திரிக்குப் புரிகிற மொழி இது. 2007-இல் ஆய்வாளர்களே சேர்ந்து இதற்கென்று ‘டீவார்ம் தி வேர்ல்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2009-இல் கென்யா தேசிய அளவில் ஆரம்பித்தது. 2011-இல் பீகார் தன் பள்ளிகளில் ஒன்றரைக் கோடிக்கு மேல் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 2015 பிப்ரவரியில் தமிழ்நாடு உட்பட, மாநிலமும் ஒன்றியப் பகுதியும் சேர்த்து 11 இடங்களில் தேசியக் குடற்புழு நீக்க நாள். அடுத்த வருஷம் நாடு முழுக்க.

நான் முதல் டப்பாவுக்குக் கையெழுத்துப் போட்ட அதே 2015-இல், ஜூலை மாதம், அந்தக் கட்டுரையின் தலையில் இடி விழுந்திருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், கிரெமரும் மிகுவேலும் தாமே எடுத்துக் கொடுத்த தரவை வைத்து எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டார்கள். தப்புகள் அகப்பட்டன. பக்கத்துப் பள்ளிகளுக்குப் பலன் 6 கிலோமீட்டர் வரை போகிறது என்று எழுதியிருந்தார்கள். கணினி நிரலோ அருகில் இருக்கிற 12 பள்ளிகளை மட்டும் எண்ணிவிட்டு நின்றிருக்கிறது. திருத்திப் போட்டால் 3 கிலோமீட்டருக்குள் இருக்கிற பலன் நிற்கிறது, அதற்கு அப்பால் சொன்னது நிற்கவில்லை. ரத்தசோகை குறைந்தது என்றதும் நிற்கவில்லை. அதே வருஷம், உலகத்தில் நடந்த புழு மருந்துச் சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்க்கிற காக்ரேன் ஆய்வு, எல்லோருக்கும் பொதுவாகக் கொடுப்பதால் சராசரி எடையோ, ரத்தமோ, படிப்போ கூடுவதற்குச் சான்று இல்லை என்றது. பத்திரிகைகள் இதற்குப் ‘புழுப் போர்’ என்று பெயர் வைத்தன.

“அப்ப உங்க நோபல்காரர் தப்பா?” என்று போனில் கேட்டேன்.

“அத்தை, நீங்க ஏன் கட்சி மாதிரி பாக்குறீங்க? ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர் போட்டுப் பாக்க முடிஞ்சதே, அதைப் பாருங்க. உங்க பதிவேட்டை யாராவது போட்டுப் பாத்திருக்காங்களா?”

பேசாமல் போனை வைத்துவிட்டேன். அவளுக்கு வாய் அதிகம், எங்கள் அம்மா மாதிரி.

என் புத்திக்கு எட்டியவரை இரண்டு பக்கமும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். புசியாவில் 92 சதவீதம் பேருக்குப் புழு இருந்தது. போதாததற்கு 1998-இல், எல் நினோ என்கிற கடல் சூட்டால் கொட்டிய மழை வேறு; ஈர மண் புழுவுக்குத் தோது. அந்த மண்ணில் கிடைத்த பலன், நூற்றில் பத்துப் பேருக்குப் புழு இருக்கிற ஊரில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் அது நம் பேராசை. அதே சமயம் அந்தப் பிள்ளைகளை ஆய்வாளர்கள் விடவில்லை. நைரோபிக்குப் பிழைக்கப் போனவர்களை, எல்லை தாண்டி உகாண்டா போனவர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். 20 வருஷம் கழித்து 2021-இல் வந்த கணக்கு: இரண்டு மூன்று வருஷம் கூடுதலாக மாத்திரை சாப்பிட்டவர்களின் குடும்பச் செலவு 14 சதவீதமும், மணிக்கூலி 13 சதவீதமும் அதிகம். ஒரு எண்ணைக் கேட்டதும் மயங்குகிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது. ஆனாலும், முன்னாள் மாணவனை 20 வருஷம் கழித்துத் தேடிப் போய் ‘நல்லா இருக்கியாப்பா’ என்று கேட்கிற ஆராய்ச்சியை மரியாதையோடுதான் பார்க்க முடிகிறது. நான் அப்படித் தேடிப் போனவர்கள் மூன்று பேர் இருப்பார்கள்.

எனக்கு வேறு இடத்தில் உறுத்துகிறது. இந்தத் திட்டம் மலிவு, மலிவு என்கிறார்களே, அந்த மலிவின் பாதி நாங்கள். கட்டடம் இருக்கிறது, பிள்ளை தானாக வருகிறது, வரிசையில் நிறுத்தத் தெரிந்த ஒரு ஆள் ஏற்கனவே சம்பளத்தில் இருக்கிறார். புதிதாக ஒருவரையும் வேலைக்கு எடுக்க வேண்டியதில்லை. இந்தக் கண்டுபிடிப்பு பூச்சி மாத்திரையோடு நிற்கவில்லை. இரும்புச் சத்து மாத்திரை, கண் பரிசோதனை, ஆதார், வங்கிக் கணக்கு, வாக்காளர் பட்டியல், ஆப்பில் ஏற்றும் படிவங்கள் என்று எல்லோருக்கும் அதே பள்ளிக்கூடம்தான் மலிவு. இவற்றில் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து அளந்தால் பலன் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே டீச்சர் தலையில் வைத்தால் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு என்ன ஆகிறது என்பதையும் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வந்து அளக்கட்டும். டீ வாங்கிக் கொடுத்து வரவேற்பேன்.

இன்னொரு உறுத்தல், தாய்மார்கள். கொக்கிப்புழு பெரியவர்களிடம்தான் அதிகம் குடியிருக்கும். பள்ளியில் நூறு பிள்ளைக்குக் கொடுத்து அனுப்பினாலும், ஈர மண்ணில் நாள் முழுக்க நிற்கிற அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வயிற்றில் புழு இருந்தால் மண்ணில் முட்டை விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆறு மாதத்தில் பிள்ளை பழைய நிலைக்கு வரும். இதை நான் சொல்லவில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் இதே கேள்வியோடு இறங்கினார்கள். பெனின், மலாவி, இந்தியா மூன்று நாட்டிலும் நடந்த ‘டீவார்ம்3’ என்ற சோதனை: ஒரு வயதிலிருந்து 99 வயது வரை ஊரில் எல்லோருக்கும், வருஷம் இரண்டு தடவை, மூன்று வருஷம், வீடு வீடாகப் போய் மாத்திரை. அப்படிச் செய்தால் புழு பரவுவதையே நிறுத்த முடியுமா என்று பார்க்க. நம் மாநிலத்தில் இப்போது 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் விலக்கு. ஜவ்வாது மலை எங்கள் மலை மாதிரியே இருக்கும் என்று நினைக்கிறேன். யானை மட்டும் குறைவு.

பதிவேட்டைப் பற்றி அண்ணன் மகள் கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வாரத்தில் ஏதாவது ஒரு நாள், எந்த நாள் என்று எனக்கே முன்கூட்டித் தெரியாத மாதிரி காலையில் சீட்டுக் குலுக்கி எடுத்து, பத்தரை மணிக்கு என் வகுப்பில் தலை எண்ணி எழுதுகிறேன். பெயரோடு. பதிவேட்டைப் பார்க்காமல். மாலையில் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பேன். முதல் வாரம் பதிவேட்டில் 23, பெஞ்சில் 21. மூன்றாவது வாரம் 23-க்கு 17. அன்றைக்கு லயத்தில் ஒரு கல்யாணம். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆகஸ்டில் மாத்திரை கொடுத்தேன். அதற்குப் பிறகும் எண்ணுகிறேன். ஒரு வகுப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வகுப்பும் கிடையாது, அதெல்லாம் இப்போது எனக்கும் தெரியும்.

தீபாவளிக்கு வந்தவள் கண்ணில் நோட்டு பட்டுவிட்டது. புரட்டிப் பார்த்துவிட்டு, “அத்தை, இதைப் போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்றாள்.

“தொடாதடி. முதல்ல பதிவேட்டைத் திருத்திக்கிறேன்.”

“அதைத் திருத்திட்டா அப்புறம் இதுல என்ன இருக்கு?” என்று சிரித்தாள். நோட்டை வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பிப்ரவரிக்கு இன்னும் 14 வாரம் இருக்கிறது.